இடப்பக்கம் இரண்டு விரல்

7

"குண்டு நேரா வரலை பாஸ். படுத்து உருண்டுக்கிட்டே வந்திருக்கு" என்றாள் வில்டா.

ஷெரீஃப் அலுவலகத்தின் பின்புறம் பனியில் நின்றிருந்த தபால் ஜீப்பின் கதவில் அந்த ஓட்டை இருந்தது. குண்டு துளைத்த ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். இது நீளமாக இருந்தது, குண்டு பக்கவாட்டில் சாய்ந்தபடி உள்ளே போனதுபோல. நேற்று, திங்கட்கிழமை, மான் வேட்டை வாரத்தின் முதல் நாள். காலை ஒன்பது மணிக்கு இந்த ஓட்டை வழியாக வந்த குண்டுதான் கடிதம் கொடுக்கக் கை நீட்டிய தபால்காரி மாவிஸ் டெட்ரிக்கின் முழங்கையை உடைத்திருந்தது.

ஆல்டன் க்ரோப் குனிந்து பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் ஒஹாயோ மாநில வனவிலங்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது டன்மோர் கவுண்டியில் காணாமல் போன மாடுகளையும் கணவர்களையும் தேடிக் கொடுப்பது தொழில். வில்டா அவருடைய உதவியாளர், ஓட்டுநர். அவருக்குப் பொறுமை கற்பிப்பதற்கென்றே கடவுள் அனுப்பி வைத்த ஆள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்வார்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு ஆல்டன்?" ஷெரீஃப் ஹப்பல் காபிக் கோப்பையால் ஜீப்பைச் சுட்டினார். "சீட்டுல கிடைச்சது சட்டைக் குண்டு. மேல பிளாஸ்டிக் சட்டை போட்டு வருமே, விலை ஜாஸ்தி, அது. உள்ள வரி வெட்டின குழல்ல போட்டா, வரி அந்தச் சட்டையைப் பிடிச்சு முறுக்கிப் பம்பரமா சுத்த விட்டு அனுப்பும். வழவழன்னு இருக்கிற குழல்ல போட்டா பிடிக்க ஒண்ணும் இல்ல. குட்டிக்கரணம் போட்டுக்கிட்டே போய்ப் பக்கவாட்டுல மோதும். நான் சொல்லலை. துப்பாக்கிக் கடை வெர்ன் ஸ்டக்கி சொன்னார்."

"வெர்ன் சொன்னா சரிதான். பைபிளுக்கு அடுத்தபடி அவர்தானே" என்றாள் வில்டா.

ஷெரீஃப் அவளைக் கண்டுகொள்ளவில்லை. "அந்தக் காட்டுல சுட எட்டுப் பேருக்கு அனுமதி. ஏழு பேர்கிட்ட வரிக்குழல். ஒரே ஒருத்தன்கிட்ட தாத்தா காலத்து வழவழக் குழல். முனையை வேற இறுக்கிச் சுருக்கினது. யாரு? பால் பண்ணை ஓரின் ப்ளாங்க். அவன் பையில சட்டைக் குண்டுப் பெட்டி இருந்துச்சு. அஞ்சு இருக்கணும், மூணுதான் இருக்கு. துப்பாக்கியும் சுட்ட துப்பாக்கி. ஜீப்கிட்ட முதல்ல ஓடி வந்தவனும் அவன்தான். சுட்டவனுக்குத்தானே எங்க பட்டுச்சுன்னு தெரியும்?"

"ஓடி வந்து தன் கழுத்துத் துணியைக் கழற்றி என் கையைக் கட்டினான்னு மாவிஸ் சொல்றா" என்றார் ஆல்டன். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே என்னைக் கூப்பிட்டு, அந்தப் பையன் இல்ல, கண்டுபிடின்னு சொல்றா. தேவாலயத்துல எனக்கு முன் வரிசை அவ. ஞாயிறுதோறும் என்னைத் திரும்பிப் பார்ப்பா. நான் தப்பிக்க முடியாது."

"அஞ்சு மணி வரைக்கும் டைம் தர்றேன். வெர்ன் வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டதும் ஓரினை உள்ள வைக்கப் போறேன். பண்ணைக்காரர் இப்பவே சொல்லிட்டார், ஜெயிலுக்குப் போனவனுக்குப் பால் கொட்டகை மாடியில இடம் இல்லைன்னு."

ஓரின் ப்ளாங்க் முன்னறையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது. கழுத்துப் பொத்தானை மேல்வரை போட்டிருந்தான். கழுத்துத் துணி இல்லாததால் குளிர்.

"ரெண்டு தோட்டா எங்க ஓரின்?" என்று கேட்டார் ஆல்டன்.

"ஒருத்தருக்குக் குடுத்துட்டேன், ஐயா."

"நீ என்ன போட்டுச் சுட்டே?"

"பழைய ஈயக் குண்டு ரெண்டு வீட்டுல இருந்துச்சு. அதுல ஒண்ணு. மானுக்குப் படலை. மண்ணுல போச்சு. என் குழலுக்கு ஈயந்தான் சரி."

"குடுத்தது யாருக்கு?"

"சொல்ல மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"ஜெயிலுக்குப் போகப் போறே, தெரியுமா?"

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்க முடியாது, ஐயா. அவர் குழல் அப்படி. அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுது? ஊர் சிரிக்கும், அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் வில்டா வெடித்தாள். "இல்லாத ஆளுக்கு இல்லாத தோட்டாவைக் குடுத்தானாம். இவன் மண்டையும் முனை சுருக்கின குழல்தான் பாஸ். ஒரு நேரத்துல ஒரு யோசனைதான் வெளிய வரும். அதுவும் சுத்திச் சுத்தி வந்து பக்கவாட்டுல மோதுது."

"உனக்கு அவனைப் பிடிக்கலை."

"முட்டாள்களைப் பிடிக்காது. அவங்க கையில துப்பாக்கி இருந்தா இன்னும் பிடிக்காது."

பிக்அப்பில் ஏறினார்கள். வண்டியில் வெப்பக் காற்று வரும் துவாரங்கள் நான்கு. வேலை செய்வது ஒன்று, அது ஸ்டீயரிங் ஓரம். வில்டா வழக்கம்போல் அதைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். ஆல்டன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

*

வெர்ன் ஸ்டக்கியின் கடைக்குள் நுழைபவர் எவரும் தலை நிமிர்ந்து வெளியே வந்ததில்லை. அறுபது வயது, அடர்ந்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. கடவுள் கொடுத்த இரண்டு கண்களையும் அவர் மற்றவர்களை மேலிருந்து கீழே பார்ப்பதற்கே பயன்படுத்தினார். கடையின் பின் தோட்டத்தில்தான் வேட்டைக்கு முந்திய சனிக்கிழமை ஊரே கூடிக் குறி பார்க்கும். ஆளுக்கு மூன்று குண்டு. சுட்ட காகிதத்தில் பெயர், குழல், குண்டு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடைச் சுவரில் குத்த வேண்டும். வேட்டை முடியும்வரை அங்கேயே இருக்கும். நன்றாகச் சுட்டவனுக்கு அது பெருமை, சுடாதவனுக்கு ஒரு வாரத் தண்டனை.

அவர்கள் நுழைந்தபோது ஒரு விவசாயி ஒரு சின்ன உலோக வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குழல் முனையில் திருகும் சோக்.

"இது வான்கோழிக்கு" என்று ஸ்டக்கி சொல்லிக்கொண்டிருந்தார். "முனையை இறுக்கி ரவையைச் சேர்த்து அனுப்புறது. இதுக்குள்ள ஒரே பெரிய குண்டைத் திணிச்சுச் சுட்டா என்ன ஆகும்? கதவு இடுக்குல பசுவை ஓட்டுற கதைதான். ஒற்றைக் குண்டுக்கு முனை திறந்திருக்கணும். திறந்த சோக். புரியுதா? புரியாட்டியும் தலையாட்டு, மத்தவங்க காத்திருக்காங்க."

விவசாயி தலையாட்டிவிட்டுப் போனார்.

"நாப்பது வருஷமா நிக்கிறேன் ஆல்டன். இங்க எவனும் துப்பாக்கி வாங்க வர்றதில்ல. மூளை வாங்க வர்றான். அது ஸ்டாக் இல்ல."

"எனக்கு வரிக்குழல் ஒண்ணு வேணும், வெர்ன்."

"ஒண்ணுகூட இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கடைசிக் குழல் போச்சு. பல் டாக்டர் பென்னர் வாங்கினார். வருஷா வருஷம் இதே கூத்து. பதினோரு மாசம் தூங்குவான், வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருத்தனும் மூச்சிரைக்க ஓடி வருவான்."

"அப்ப பழைய குழலையே வெச்சுக்கிட்டு, முனையில வரி போட்ட சோக் மட்டும் திருகிக்கலாமா?"

"திருகலாம். மூணு அங்குல வரி, ஏதோ கொஞ்சம் முறுக்கும். அதுவும் தீர்ந்துபோச்சு."

"திறந்த சோக்கும் ஈயக் குண்டும்? எங்கப்பா அப்படித்தான் சுட்டார்."

"ஈயக் குண்டு ஞாயிறு மத்தியானமே காலி. இருக்கிறது சட்டைக் குண்டுதான். உன் வழவழக் குழலுக்கு ஆகாது."

"ஓரின் குழலும் வழவழதான். அவனுக்கு வித்தியே."

"கேட்டான், குடுத்தேன். அந்தக் குழாயில போடாதேடான்னு சொல்லித்தான் குடுத்தேன். நல்ல வரிக்குழல் வெச்சிருக்கிறவனுக்குத்தான் இதுன்னு தெளிவா சொன்னேன்."

"விஷத்தை வித்துட்டுக் குடிக்காதேன்னு சொல்ற டாக்டர் மாதிரி" என்றாள் வில்டா.

"உன் டிரைவர் நல்லாப் பேசுறா, ஆல்டன். வண்டி ஓட்டவும் தெரியுமா?"

வில்டா சுவரைப் பார்த்தாள். எட்டுப் பேருடைய காகிதமும் இருந்தது. ஓரினுடையது மூலையில்: ஐம்பது கெஜம், வழவழக் குழல், ஈயக் குண்டு, மூன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள். மோசமில்லை. பக்கத்தில் டாக்டர் பென்னருடையதைப் படித்தபோது அவள் புருவம் ஏறியது. சனிக்கிழமை அவரும் வழவழக் குழலில்தான் சுட்டிருந்தார்.

நடுவில், கண் மட்டத்தில், எட்டுப் பேரில் ஒருவரான ஸ்டக்கியின் காகிதம். வரிக்குழல், மேலே குறிபார்க்கும் கண்ணாடி, நூறு கெஜம். மூன்று ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருந்தன. ஆனால் நடுவில் இல்லை. இரண்டு விரல் அளவு இடப்பக்கம்.

"மாஸ்டருக்கே நடுவுல விழலையே" என்றாள்.

"விழ வைக்கத் திருகைத் திருப்பினா போதும், பாப்பா. நான் திருப்ப மாட்டேன். கண்ணாடித் திருகைத் தொட்டுக்கிட்டே இருக்கிறது பயந்தவன் வேலை. எவ்வளவு தள்ளுதுன்னு எனக்குத் தெரியும். அந்த அளவு தள்ளிப் பிடிப்பேன்."

கவுன்ட்டருக்குப் பின்னால் ஆணியில் அவருடைய துப்பாக்கிப் பை தொங்கியது. ஜிப் பாதியில் நின்று, குழல் நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்க துப்பாக்கி வளர்ந்துடுச்சு போல. பை பத்தலை" என்றாள் வில்டா.

"ஜிப் ரிப்பேர்" என்றார் ஸ்டக்கி. "வேற ஏதாவது வேணுமா? இல்ல, கதவு அந்தப் பக்கம்."

*

"டாக்டர்தான் பாஸ்" என்றாள் வில்டா, வண்டியைக் கிளப்பும் முன்பே. "சனிக்கிழமை வழவழ. ஞாயிறு சாயங்காலம் வரிக்குழல் வாங்கினாராம். யார் சாட்சி? வித்தவர். திங்கள் மத்தியானம் ஜீப் சேதி பரவினதும் ஓடிப்போய் வாங்கிட்டு, ஞாயிறுன்னு சொல்லச் சொல்லியிருந்தா? பல்லைப் பிடுங்கிறவருக்கு மனசாட்சியைப் பிடுங்கத் தெரியாதா?"

ஆல்டன் சிரித்தார். "ஓரினைத் திட்டி ஒரு மணி நேரம்கூட ஆகலை. அதுக்குள்ள டாக்டரா?"

"எனக்கு வெறுப்பு நிறைய இருக்கு பாஸ். பங்கு போட்டுக் குடுக்கிறேன்."

சுட்ட மான்களைப் பதிவு செய்யும் இடம் தீயணைப்பு நிலையம். வண்டிகளை வெளியே நிறுத்தித் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தராசு; மறு பக்கம் மெதடிஸ்ட் சபைப் பெண்கள் பீன்ஸ் சூப்பும் ஆப்பிள் பலகாரமும் விற்றார்கள். நடுவில் டாக்டர் லைல் பென்னர், பத்துக் கிளைக் கொம்பு மானின் பக்கத்தில், கல்யாண மாப்பிள்ளை போல நின்றார்.

"இன்னைக்குக் காலையில! தொண்ணூறு கெஜம்! ஒரே குண்டு!" யாரும் கேட்காமலே சொன்னார்.

"புதுக் குழல்னு கேள்விப்பட்டேன்" என்றார் ஆல்டன், சூப்புக் கிண்ணத்தோடு.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். இதோ இந்த அம்மா கடைவாசல்ல என்னைப் பார்த்தாங்களே."

சூப் ஊற்றிக்கொண்டிருந்த பெண் தலையாட்டினாள். "குழந்தை மாதிரி அணைச்சுத் தூக்கிட்டுப் போனார். என்னைப் பார்த்து வணக்கம்கூட சொல்லலை."

வில்டாவின் வாதம் அந்தக் கரண்டியோடு சூப்புக்குள் விழுந்தது. ஆல்டன் அவளைப் பார்க்கவில்லை. அதற்கே அவள் நன்றியோடு இருந்தாள்.

"ஆனா டாக்டர்" என்றார் அவர். "ஞாயிறு சாயங்காலம் வாங்கி, திங்கள் காலையில காடு. சுட்டுப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்ய நேரமே இல்லையே. புதுக் குழல் எந்தப் பக்கம் இழுக்கும்னு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன்! வெர்ன் என்னை ஒரு பார்வை பார்த்தார், தெரியுமில்ல, அந்தப் பார்வை. 'சுட்டுப் பார்க்கத் தேவையில்ல. ரெண்டு விரல் இடப்பக்கம் போகும். அந்த அளவு வலப்பக்கம் பிடி, போ'ன்னார். அப்படியே செஞ்சேன். பாருங்க!" மானின் தோளைத் தட்டினார். "அந்த ஆள் வாய் விஷம். ஆனா ஞானி."

ஆல்டன் கரண்டியைக் கீழே வைத்தார்.

வில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்த குழலுக்கு எந்தப் பழக்கமும் இருக்காது. நாலு குண்டு சுட்டால்தான் அது தன் குணத்தைச் சொல்லும். சுடாத குழல் இரண்டு விரல் இடப்பக்கம் போகும் என்று எந்த ஞானியாலும் சொல்ல முடியாது. முந்தின நாள் அதே குழலில் மூன்று குண்டு சுட்டுச் சுவரில் குத்தி வைத்த ஆளால் மட்டும்தான் முடியும்.

"டாக்டர், அந்தக் குழலைப் பெட்டியில வெச்சா குடுத்தார்?" அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"இல்லையே. பின் அறைக்குப் போய்க் கண்ணாடியோட சேர்த்துக் கையில கொண்டு வந்தார். குழலைக் கழற்றினா கண்ணாடியும் கூடவே வந்துடும், அது அப்படிச் செஞ்சதாம். என் துப்பாக்கியும் அவர் துப்பாக்கியும் ஒரே வகை, நேரா பொருந்திடுச்சு. ஏன், ஏதாவது கோளாறா?"

"உங்க குழல்ல ஒரு கோளாறும் இல்ல டாக்டர்" என்றார் ஆல்டன். "சாயங்காலம் வரைக்கும் அதைத் துடைக்காம வைங்க. ஷெரீஃப் பார்க்க ஆசைப்படுவார்."

வண்டி இரண்டு திருப்பம் தாண்டியும் வில்டா யாரையும் திட்டவில்லை. ஆல்டன் பயந்துபோய் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பை" என்றாள் கடைசியில். "மான் குழல் குட்டை. பறவைக் குழல் நீளம். குட்டைக் குழலுக்குத் தைச்ச பையில பறவைக் குழல். ஜிப் ரிப்பேராம்! நான் கண்ணால பார்த்துட்டு ஜோக் அடிச்சேன்."

"நல்ல ஜோக்தான்."

"தன் குழலையே வித்திருக்கார். வித்துட்டுத் திங்கட்கிழமை காட்டுக்கு எதை எடுத்துட்டுப் போனார்? அது சரி பாஸ், ஆனா அவரே கடைக்காரர். கடையில சட்டைக் குண்டு அலமாரி நிறைய இருக்கு. ஓரின்கிட்ட எதுக்கு ரெண்டு வாங்கணும்?"

"ஓரின் சொன்னதை யோசி. நீ முட்டாள்தனம்னு தள்ளினதை."

"என்ன சொன்னான்? குடுத்தேன், சொல்ல மாட்டேன், ஊர் சிரிக்..." அவள் பிரேக்கை மிதித்தாள். பனியில் வண்டி அரை வட்டம் அடித்து நின்றது.

*

நாலரை மணிக்கு ஷெரீஃப் ஹப்பல் கடைக் கவுன்ட்டரில் வாக்குமூலத்தை விரித்து வைத்திருந்தார். ஸ்டக்கி கையில் பேனா.

"'இத்தகைய மடத்தனத்தை இந்தக் கவுண்டியில் ஓரின் ப்ளாங்க் மட்டுமே செய்யக்கூடும்'னு எழுதியிருக்கேன். சரிதானே?" என்றார் ஸ்டக்கி.

"'மட்டுமே'வை அடிச்சுடு, வெர்ன்" என்றார் ஆல்டன், பனியை உதறியபடி. "திங்கட்கிழமை நீ எந்தக் குழலோட போனே?"

"இது என்ன கேள்வி? வரிக்குழல். சுவரைப் பார்."

"சுவர்ல இருக்கிறது சனிக்கிழமைக் குழல். அது இப்ப டாக்டர் பென்னர்கிட்ட இருக்கு. ரெண்டு விரல் இடப்பக்கம் தள்ளுற குழல்."

பேனா காகிதத்தின்மேல் நின்றது. ஸ்டக்கி சிரித்தார், மீசை மட்டும் சிரிக்கவில்லை. "வித்தேன். அதனால? என்கிட்ட ஒரு குழல்தான் இருக்கும்னு நெனச்சியா?"

"ஷெரீஃப், அந்தப் பையைக் கொஞ்சம் இறக்குங்க" என்றாள் வில்டா. "ஜிப் ரிப்பேராம். நான் பார்த்துச் சரிசெய்றேன். தையல் தெரியும்."

ஷெரீஃப் பையை இறக்கி ஜிப்பைக் கீழே இழுத்தார். அது ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்தது. வெளியே வந்தது நீளமான பறவைக் குழல். உள்ளே விரலை விட்டுத் தடவினார். வழவழவென்று இருந்தது.

"பறவை வேட்டைக்கு மாத்தி வெச்சிருக்கேன்" என்றார் ஸ்டக்கி.

"மான் வேட்டை இன்னும் அஞ்சு நாள் இருக்கு, வெர்ன்" என்றார் ஆல்டன். "ஞாயிறு சாயங்காலம் டாக்டர் ஓடி வந்தார். கடையில வரிக்குழல் இல்ல. இல்லைன்னு சொல்ல உனக்கு வாய் வரலை. உன்னோடதையே கழற்றிக் குடுத்துட்டே. எல்லாரையும் கடைசி நேரத்து முட்டாள்னு திட்டுற ஆள், விடியுறதுக்கு முன்னாடி இருட்டுல பறவைக் குழலை மாட்டிக்கிட்டு, பறவை வேட்டைச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினே. வேலிகிட்டப் போய்ப் பாக்கெட்டுல கையை விட்டா என்ன இருந்துச்சு? காட்டுக்கோழி ரவை. பாக்கெட் நிறைய. மான் தோட்டா ஒண்ணுகூட இல்ல."

"கதை."

"காட்டுல தோட்டா இல்லாம நின்னா யாரைப் பார்த்தும் ஊர் சிரிக்காது. ஒரு விவசாயி மறப்பான், ஒரு வாத்தியார் மறப்பார், பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. தோட்டா இல்லாம வேட்டைக்கு வந்தா ஊரே சிரிக்கிற ஆள் டன்மோர் கவுண்டியில ஒருத்தர்தான். துப்பாக்கிக் கடைக்காரர்."

ஸ்டக்கியின் முகம் செங்கல் நிறமானது. பேனாவைத் தூக்கி எறிந்தார்.

"அந்தப் பால்காரப் பய சொல்லிட்டானா! சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினானே!"

சுவரில் குத்தியிருந்த காகிதங்கள் கதவிடுக்குக் காற்றில் லேசாக ஆடின.

"இல்ல" என்றார் ஆல்டன். "காலையிலேர்ந்து கேட்கிறோம். அவன் சொல்லலை. நீதான் இப்ப சொன்னே."

ஷெரீஃப் வாக்குமூலத்தை மெதுவாக நாலாக மடித்தார். அவருடைய காதுகளும் சிவந்திருந்தன.

"எது பொருந்தும், எது பொருந்தாதுன்னு ஊருக்கே சொல்றவர் நீங்க" என்றாள் வில்டா. இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "அந்த ரெண்டு குண்டும் வழவழக் குழல்ல குட்டிக்கரணம் போடும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே சுட்டீங்க. ஜீப்ல பட்ட சத்தமும் கேட்டிருக்கும். அந்த அம்மா கத்தினதும் கேட்டிருக்கும். முட்டாள்னு நீங்க எழுதிக் குடுத்தவன் உதவிக்கு ஓடினான். நீங்க வீட்டுக்குப் போனீங்க."

"நாப்பது கெஜத்துல நின்னுச்சு மான்" என்றார் ஸ்டக்கி தரையைப் பார்த்து. "அவ்வளவு கிட்ட இருந்தா நேரா போயிடும்னு நெனச்சேன். அது குதிச்சுடுச்சு. பின்னாடி ரோடு இருக்கிறது..." நாற்பது வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற மனிதர் முதல்முறையாக அதன் முன்பக்கம் நடந்து வந்தார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கவுன்ட்டர் எவ்வளவு உயரம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

வில்டாவின் நாக்கில் மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. மூன்றும் நன்றாக வெட்டக்கூடியவை. அதற்குள் ஆல்டன் ஆணியிலிருந்த கோட்டை எடுத்து ஸ்டக்கியின் தோளில் போட்டார்.

"போட்டுக்க, வெர்ன். வெளிய குளிர் அதிகம்."

வில்டா மூன்றையும் விழுங்கினாள். வலித்தது.

*

ஐந்து மணிக்கு ஓரின் வெளியே வந்தான். பண்ணைக்காரர் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாலைப் பால் கறவைக்கு நேரமாகிவிட்டதையும் சொல்லியிருந்தார். மூவரும் பிக்அப்பின் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வில்டா ஸ்டீயரிங்கில், ஓரின் நடுவில்.

"வெர்ன் ஐயா தோட்டா இல்லாம வந்தது எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சுடுச்சு" என்றார் ஆல்டன்.

"பாவம்" என்றான். பிறகு, "நல்ல குழல், அதுக்கு ஏத்த குண்டுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன் ஐயா. என்கிட்ட வீணாத்தானே கிடக்கும்? அவர் கையில மாத்தின குழலான்னு நான் பார்க்கலை. பார்த்திருக்கணும். விடியலை, இருட்டு" என்றான். தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "குடுக்காம இருந்திருந்தா மாவிஸ் அம்மா கை..."

வில்டா எதையாவது சொல்லத் திரும்பினாள். பட்டென்று ஒரு கேலி எப்போதும் இருக்கும், எந்த நேரத்துக்கும். இப்போது தேடினாள், கிடைக்கவில்லை. பொத்தான் போட்ட அவன் கழுத்து குளிரில் கோழித்தோல் போலப் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்திருந்தது. அந்தக் கழுத்துத் துணி இப்போது ஆஸ்பத்திரியில், இரத்தம் காய்ந்து, மாவிஸின் கட்டில் ஓரத்தில் கிடக்கும்.

"நீங்க குடுத்தது தோட்டா, ஓரின் அண்ணே" என்றாள் மெல்ல. "சுட்டது நீங்க இல்ல."

பிறகு கையை நீட்டி, இரண்டு வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்த ஒற்றைத் துவாரத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

ஆல்டன் அதைப் பார்த்தார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.